பேக்கப் இருக்கு. திரும்பி வருமா?

நோர்பரி ஸ்டேஷனில் விக்டோரியா ரெயினுக்கு நிற்கும்போது ஃபோனில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. நான் இப்போது கான்ட்ராக்டில் இருக்கும் டீமின் மேனேஜர் கேட்டிருந்தார்: ரெப்ளிகா ஓடிக்கொண்டுதானே இருக்கு, பேக்கப்புக்குத் தனியா ஏன் செலவு?

நியாயமான கேள்விதான். ஆனால் ரெப்ளிகா சொன்னதை அப்படியே செய்கிற பிள்ளை. யாராவது நிபந்தனை போட மறந்து ஒரு டிலீட் அடித்தால், அதுவும் அடுத்த நொடியே அழித்துவிடும். சர்வர் செத்தால் காப்பாற்றும்; கை தவறினால் காப்பாற்றாது.

ஊரில் நடந்ததைக் கேளுங்கோ. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் அதில் மாட்டின. பேக்கப் இருந்தது. ஆனால் அதுவும் ஆன்லைனிலேயே இருந்ததால், அதையும் சேர்த்தே பூட்டிவிட்டார்கள். சிஸ்டம் திரும்ப எழும்பியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மெயில்கள் வரவில்லை. மூன்று மாதத்துக்கு மேல்! யாருடைய காணிப் பிரச்சினை, யாருடைய பென்ஷன் அதற்குள் கிடந்ததோ.

இது வசதியில்லாத நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 இரவு கிட்லாபில் களைத்துப்போன ஒரு எஞ்சினியர், ரெப்ளிகா என்று நினைத்து மெயின் டேட்டாபேஸையே அழித்தார். சுமார் 300 ஜிபி. பல விதமான பேக்கப் வைத்திருந்தார்கள். தினசரி டம்ப்? போஸ்ட்கிரெஸ் 9.6 ஓடும் இடத்தில் 9.2இன் டூல் இயங்கி, ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும் எச்சரிக்கை மெயில்களும் யாரிடமும் போய்ச் சேரவில்லை. டெஸ்ட் வேலைக்காக யாரோ ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இடையில் நடந்த ஆறு மணி நேர வேலை போனது போனதுதான்.

எங்கட மீட்டிங்கில் வழக்கம்போல எந்த டூல் என்ற சண்டையே முதலில் வந்தது. அதை நிறுத்தி, ஓர்டர்களைப் பார்க்கிற அக்காவைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்டோம். எவ்வளவு டேட்டா போனால் தாங்குவீங்கள்? எவ்வளவு நேரம் சிஸ்டம் இல்லாமல் இருப்பீங்கள்? ஐந்து நிமிஷம், இரண்டு மணி நேரம் என்றார். ரிப்போர்ட்டுகள் ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லையாம்.

அதோடு சண்டை பாதி முடிந்தது. இரவு டம்ப் மட்டும் இருந்தால் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் ஓர்டர் போகலாம். ஆகவே ஓர்டர்களுக்கு இரவில் ஒரு முழுப் பிரதி, பிறகு ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் லொக் ஃபைல்கள் உடனுக்குடன் வெளியே போகும். இரண்டும் இருந்தால் விரும்பிய நிமிஷத்துக்குத் திரும்பலாம். ரிப்போர்ட்டுகளுக்கு டம்ப் போதும். இன்னொரு பிரதி வேறு கிளவுட் கணக்கில், 30 நாளைக்கு எங்கட அட்மின் பாஸ்வேர்டாலும் அழிக்க முடியாதபடி. காசு கொஞ்சம் கூடத்தான். மேனேஜர் முகத்தைச் சுளித்துவிட்டுச் சம்மதித்தார்.

மாதம் ஒருமுறை ரிஸ்டோர் செய்து பார்க்க வேணும் என்றபோதுதான் சீனியர் ஒருவர் நேரவிரயம் என்றார். செய்தோம். டீமில் ஆகப் புதிய பிள்ளையிடம் எழுதிவைத்த குறிப்பை மட்டும் கொடுத்து விட்டோம். இரண்டு மணி நேரம் என்று சொன்னது ஐந்தரை மணி நேரம் எடுத்தது. பேக்கப்பில் குறையே இல்லை. அதைத் திறக்கிற என்கிரிப்ஷன் கீ ஒரே ஒருவரின் லேப்டாப்பில் இருந்தது. அவர் லீவில்.

அந்த ஒருவர், நேரவிரயம் என்று சொன்ன அதே சீனியர். கீ இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது. போன மாதம் ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் முடித்தோம். குறிப்பைத் திருத்தி எழுதியதும் அவர்தான்.