கேட்காத பாட்டுக்குக் காசு

2019 ஜனவரியில் பிபிசி ஒரு விசித்திரமான செய்தியை வெளியிட்டது. ஸ்பாட்டிஃபையில் பாட்டுக் கேட்கும் சிலருடைய 'கேட்டவை' பட்டியலில், அவர்கள் கேள்வியேபட்டிராத இசைக்குழுக்களின் பெயர்கள் இருந்தன. பெர்ஜெனுலோ ஃபைவ், பிராட்டே நைட், கப்பிஸ்கோ ஆகியவை அவற்றில் சில. எல்லாம் குட்டிக் குட்டிப் பாடல்கள். அந்தக் குழுக்களில் இருப்பவர்கள் யார், எந்த ஊர் என்று இணையத்தில் தேடினால் ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பாடல்கள் ஆயிரக்கணக்கான முறை 'கேட்கப்பட்டிருந்தன'. பிறகு அவை ஸ்பாட்டிஃபையிலிருந்து நீக்கப்பட்டன.

யாரோ அந்தக் கணக்குகளுக்குள் புகுந்து பாட்டை ஓடவிட்டிருக்கலாம் என்ற சந்தேகம் எழுகிறது. வங்கிக் கணக்கைத் திருடுவது புரிகிறது. மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய் கட்டிப் பாட்டுக் கேட்கும் கணக்கை யார், எதற்காகத் திருட வேண்டும்?

பதில், காசு பிரிக்கப்படும் விதத்தில் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 30 விநாடி ஓடிவிட்டால் அது ஒரு கேட்பு. சந்தாவும் விளம்பரமும் கொண்டுவரும் வருமானத்தில் இசைக்கான பங்கு ஒரே தொகுப்பாகத் திரண்டு, மொத்தக் கேட்புகளில் யாருக்கு எத்தனை பங்கு என்று பார்த்துப் பிரிக்கப்படுகிறது. ஒருவர் அரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நீளத்தில் நூறு பாடல்களை ஏற்றிவிட்டு, அடுத்தவர் கணக்குகளில் இரவு முழுக்க ஓடவிட்டால் அந்தத் தொகுப்பில் அவருக்கும் பங்கு போகும். அந்தப் பங்கு வானத்திலிருந்து வருவதில்லை. உண்மையாகப் பாடியவர்கள், வாசித்தவர்கள் பங்கு அந்த அளவுக்குக் குறைகிறது. அதனால்தான் இதை வெறும் பாஸ்வேர்டு தொல்லையாக என்னால் பார்க்க முடியவில்லை. இன்னொரு வியாபாரமும் உண்டு: திருடிய ப்ரீமியம் கணக்கை யாருக்காவது மலிவாக விற்றுவிடுவது, அல்லது உங்கள் ஃபேமிலி பிளானில் முகமறியாத ஆளைச் சேர்த்துவிடுவது.

இதற்காக யாரும் ஸ்பாட்டிஃபையின் சர்வரை உடைக்க வேண்டியதில்லை. 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து பாஸ்வேர்டுகள் திருடுபோயின. நான்கு ஆண்டு கழித்து, 11.7 கோடிப் பேரின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் அடங்கிய பட்டியல் விற்பனைக்கு வந்தது. இப்படிப் பல தளங்களில் கசிந்த பட்டியல்களை ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு ஜோடியையும் வேறு வேறு தளங்களின் லாக்இன் பக்கத்தில் தானாகவே போட்டுப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. ஆயிரத்தில் ஒன்று பலித்தால்கூட, 11.7 கோடிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கணக்குகள் கைக்கு வரும். ஒரே பாஸ்வேர்டை நாலு இடத்தில் வைக்கும் நம் பழக்கம்தான் இந்தத் தொழிலின் முதலீடு.

2020இல் இதற்குக் கண்கூடான சாட்சி கிடைத்தது. விபிஎன்மென்டர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இணையத்தில் பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்த ஒரு தரவுத்தளத்தைக் கண்டுபிடித்தார்கள். 72 ஜிபி அளவு, 38 கோடிப் பதிவுகள். வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டுகளை யாரோ ஸ்பாட்டிஃபையில் சோதித்துப் பார்த்துச் சேமித்து வைத்த பட்டியல் அது. மூன்று முதல் மூன்றரை லட்சம் கணக்குகள் அதில் சிக்கியிருக்கலாம் என்று கணித்தார்கள். ஸ்பாட்டிஃபை அந்தக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளை ரத்து செய்தது.

சரி, உங்கள் கணக்குக்குள் ஆள் புகுந்துவிட்டார். பாட்டு நடுவில் நின்று 'வேறு சாதனத்தில் ஒலிக்கிறது' என்று காட்டுகிறது. முதல் வேலை ஸ்பாட்டிஃபையில் இல்லை, உங்கள் மின்னஞ்சலில். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று யார் கேட்டாலும் புதிய இணைப்பு போய்ச் சேருமிடம் அதுதான். மின்னஞ்சலும் அவர் கையில் இருந்தால், நீங்கள் மாற்ற மாற்ற அவரும் மாற்றிக்கொண்டே இருப்பார். எனவே மின்னஞ்சலின் பாஸ்வேர்டை முதலில் மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். யாருக்காவது அஞ்சல்கள் தானாகப் போய்ச் சேரும்படி அமைப்புகளில் எதுவும் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. ஃபேஸ்புக் அல்லது கூகுள் வழியாக ஸ்பாட்டிஃபைக்குள் போகிறவர்கள் அந்தக் கணக்கையும் இதேபோல் பூட்ட வேண்டும்.

அடுத்து ஸ்பாட்டிஃபையின் பாஸ்வேர்டு. அதை மாற்றியதோடு ஆள் வெளியேறிவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. பொருட்காட்சிக்குள் டிக்கெட் காட்டிப் போனவருக்குக் கையில் முத்திரை குத்தி அனுப்புவார்கள். அப்புறம் முத்திரையைக் காட்டியே போய்வரலாம். செயலிகளும் ஒருமுறை பாஸ்வேர்டைச் சரிபார்த்தபின் டோக்கன் என்ற நீண்ட எழுத்துக்கோவையைச் சாதனத்திடம் கொடுத்துவிடுகின்றன. அது செல்லும்வரை பாஸ்வேர்டை யாரும் மறுபடி கேட்பதில்லை. ஆகவே கணக்குப் பக்கத்தில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்த வேண்டும். அது எல்லா இடத்திலும் நடந்து முடியக் கொஞ்ச நேரம் பிடிக்கலாம், உடனே பதற வேண்டாம். கணக்கோடு இணைந்த வெளிச் செயலிகளுக்குத் தனி அனுமதி உண்டு. அந்தப் பட்டியலைத் திறந்து, தெரியாததையெல்லாம் நீக்கிவிடுங்கள்.

திருடியவர் கணக்கின் மின்னஞ்சல் முகவரியையே மாற்றிவிட்டால்? பழைய முகவரிக்கு அதைப் பற்றிய அறிவிப்பு வந்திருக்கும், ஸ்பேமிலும் தேடுங்கள். அதோடு, சந்தா கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனத்தின் உதவிப் பிரிவை அணுகலாம். கணக்கு உங்களுடையதுதான் என்பதற்கு ரசீது வலுவான ஆதாரம். ஆனால் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று கூகுளில் தேடி, முதலில் வரும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். அந்த எண்களில் பல மோசடிக்காரர்களுடையவை. செயலிக்குள்ளோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ உள்ள உதவிப் பக்கமே சரியான வழி. கார்டிலிருந்தோ யுபிஐயிலிருந்தோ பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு, இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

புதிய பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும்? நீளமாக, வேறெங்கும் வைக்காததாக. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், இத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று பயனரைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என 2017இலேயே சொல்லிவிட்டது. கசிந்த பட்டியலில் உங்கள் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று சோதிப்பதே முக்கியம். ஆஸ்திரேலியரான ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் இதைப் பார்க்கலாம்.

பாஸ்வேர்டையே ஒரு தளத்திடம் கொடுத்துச் சோதிப்பதா என்ற அச்சம் நியாயமானது. அதற்கு அங்கே அழகான தீர்வு இருக்கிறது. நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை உங்கள் கருவியே 40 எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடாக மாற்றுகிறது. அதில் முதல் ஐந்து எழுத்து மட்டும் வெளியே போகிறது. அதே ஐந்தில் தொடங்கும் நூற்றுக்கணக்கான கசிந்த குறியீடுகளின் மீதிப் பகுதிகளைத் தளம் திருப்பி அனுப்பும். அவற்றில் உங்களுடையது இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் கருவிதான். நீங்கள் தேடியது எதை என்று தளத்துக்குக் கடைசிவரை தெரியாது. பாஸ்வேர்டு மேலாளர்கள் சிலவும் இதே வழியில்தான் சோதிக்கின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பாஸ்வேர்டை உருவாக்கி நினைவில் வைப்பதும் மேலாளரின் வேலை என்பதால், அதில் ஒன்றைப் பழகிக்கொள்வது நல்லது.

கணக்கு திரும்பியபின் வீட்டைக் கூட்டும் வேலை பாக்கி. அழிக்கப்பட்ட பிளேலிஸ்ட்டை 90 நாளுக்குள் கணக்குப் பக்கத்திலிருந்தே மீட்கலாம். ஃபேமிலி பிளானில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வந்தவர் ஓடவிட்ட பிளேலிஸ்ட் ஏதாவது தங்கியிருந்தால், அதை உங்கள் ரசனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று குறிக்கும் வசதி 2023இலிருந்து இருக்கிறது. இல்லையென்றால், நீங்கள் கேட்காத பாட்டை வைத்தே அடுத்த பரிந்துரைகள் வந்துகொண்டிருக்கும்.