சாவி சுற்றுது, பிடிக்க மாட்டேங்குது!

தாத்தாவின் கைக்கடிகாரத்துக்குத் தினமும் காலையில் சாவி கொடுப்பது சின்ன வயதில் என் வேலை. இருபது, இருபத்தைந்து சுற்றில் குமிழ் இறுகி நின்றுவிடும். ஒருநாள் ஐம்பது சுற்றியும் நிற்கவில்லை. முள்ளும் அசையவில்லை. "முறுக்கி முறுக்கி உடைச்சுட்டான்!" பாட்டி தீர்ப்பே சொல்லிவிட்டார்.

வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் உடனே திறக்கவில்லை. குமிழைத் திருகிக் காதோரம் வைத்தார். "கிர்ர் கிர்ர்னு கேக்குது. கொக்கி நல்லாத்தான் இருக்கு. ஸ்பிரிங் போயிருச்சு தம்பி."

அது என்ன கொக்கி? சைக்கிள் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள், டிக் டிக்கென்று கேட்கும். அதே வித்தைதான். பல்சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே சுற்றலாம். திரும்ப முயன்றால் பல்லில் கொக்கி மாட்டித் தடுத்துவிடும். கொக்கி கெட்டிருந்தால், நாம் கையை எடுத்ததுமே குமிழ் விர்ரென்று எதிர்ப்பக்கம் ஓடும்.

லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு மூடியைக் கழற்றினார். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பித்தளை டப்பி. அதற்குள்தான் ஸ்பிரிங். ஏறக்குறைய ஓர் அடி நீளம், நோட்டுத் தாளின் கனம், அவ்வளவுதான் அந்த எஃகு நாடா. நாம் சுருட்டுகிறோம், அது விரியப் பார்க்கிறது. அந்தத் தள்ளலில்தான் சக்கரங்கள் ஓடுகின்றன. ஒரேயடியாக விரிந்துவிடாமல், ஊசலாடும் ஒரு சக்கரம் பல் பல்லாக விடுகிறது. பல பழைய வாட்சுகளில் நொடிக்கு 5 டிக். ஒரு நாளைக்கு 4,32,000! காலையில் அரை நிமிடம் நாம் திருகியதற்கு இவ்வளவு உழைப்பு.

டப்பியைத் திறந்தார். நாடா இரண்டு துண்டாகக் கிடந்தது.

"நான்தான் அதிகமா முறுக்கிட்டேனா?"

"ஸ்பிரிங் நிறைஞ்சா குமிழ் தானா நின்னுரும். நீ அதுக்கு மேல மல்லுக்கட்டலையே? கட்டுக்கம்பியை வளைச்சு வளைச்சு நிமித்தினா என்ன ஆகும்?"

"உடையும்."

"இதுவும் வருஷக்கணக்கா தினமும் சுருண்டு விரிஞ்சிருக்கு. பாரு, உடைஞ்ச இடத்துல துரு வேற."

புது ஸ்பிரிங்கை மாட்டி, துளி எண்ணெய் விட்டு, முதல் சாவியை என்னையே கொடுக்கச் சொன்னார். இருபத்து மூன்றாவது சுற்றில் குமிழ் நின்றது. உடைந்த துண்டுகளைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டேன். பாட்டியிடம் துருவைக் காட்ட வேண்டுமே!