திரை இருண்டால் கணிப்பொறி பழுதா?

திருப்பதி–காட்பாடி இருப்புப்பாதையிலிருந்து தர்மாவரம் செல்லும் பாதை பிரியும் சந்திப்பு பாகாலா. இத்தகைய சிறு நகரங்களில் பயணச்சீட்டு, நிலப் பதிவேடு, சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகிய பலவும் இன்று கணிப்பொறி வழியே நடைபெறுகின்றன. 1985-86-இல் புதுதில்லியில் இரயில்வே முன்பதிவு கணிப்பொறி மயமாகத் தொடங்கியபோது அது பெருநகர வசதியாகவே இருந்தது. இன்றோ அலுவலகத்தில் திரை இருண்டால், கிராமத்திலிருந்து வந்தவரின் ஒரு நாள் கூலி வீணாகிறது.

திரையில் படம் தோன்றாதது நோயன்று, நோயின் அறிகுறியே. மின்சாரம், மானிட்டர், இணைப்புக் கேபிள், பெட்டியின் உள்ளுறுப்புகள் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று காரணமாகலாம். செலவும் உழைப்பும் குறைந்த சோதனையை முதலில் செய்வதே சிக்கனமான முறை.

முதலில் மானிட்டரின் விளக்கைப் பார்க்க வேண்டும். விளக்கு எரியாவிடில் மின்கம்பி, பிளக், சுவிட்சு ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு தோன்றினால், மானிட்டர் பெரும்பாலும் நலமே. படம்தான் அதனை வந்தடையவில்லை. கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மீண்டும் இறுக்கமாகப் பொருத்த வேண்டும். மானிட்டரில் சரியான உள்ளீடு தெரிவு செய்யப்பட்டுள்ளதா என்றும் காண வேண்டும். தனிக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணிப்பொறியில் கேபிளை அந்தக் கார்டிலேயே செருக வேண்டும். அடுத்த மேசையிலுள்ள மானிட்டரையும் கேபிளையும் மாற்றிப் பார்ப்பது செலவற்ற, தெளிவான சோதனை.

அடுத்து, பெட்டி இயங்குகிறதா என அறிய வேண்டும். விசைப்பலகையில் நம்லாக் விசையை அழுத்தும்போது அதன் விளக்கு மாறினால், கணிப்பொறி பெரும்பாலும் உயிருடன் இருக்கிறது. 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி, தொடங்கும்போதே தன்னைச் சோதித்துக்கொண்டு, குறையை 'பீப்' ஒலியால் அறிவித்தது. ஒரு நீண்ட ஒலியும் இரு குறு ஒலிகளும் திரைப் பகுதியின் கோளாற்றைக் குறித்தன. இந்த ஒலிக்குறிகள் தயாரிப்புக்கேற்ப மாறுவதால், கையேட்டைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

பெட்டியைத் திறக்குமுன் மின் இணைப்பை முற்றிலும் துண்டித்து, உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்க உலோகச் சட்டத்தைத் தொட வேண்டும். ராம் எனப்படும் நினைவகப் பலகைகளைக் கழற்றி, தூசு நீக்கி, ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதிக்கலாம். பலகை சற்றே நெகிழ்ந்திருந்தாலும் திரை இருண்டே கிடக்கும். மின்வழங்கிப் பெட்டியையும் பழைய குழாய் மானிட்டரையும் மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அவற்றில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

தொடக்கத்தில் நிறுவனச் சின்னம் தோன்றிப் பின்னர் திரை இருண்டால், பெரும்பாலும் குறை மென்பொருளில் உள்ளது. 'சேஃப் மோட்' முறையில் இயக்கி ஆராயலாம்.

திரை இருண்டதனாலேயே கோப்புகள் அழிந்துவிடுவதில்லை. அவை வட்டில் இருக்கின்றன. இதனை அறியாது நல்ல கணிப்பொறியைக் கழித்துக்கட்டுவது பொதுப்பணத்திற்கு இழப்பு. மின்னணுக் கழிவையும் பெருக்கும். ஒவ்வோர் அலுவலகமும் ஓர் உபரிக் கேபிளையும், பழுதின் அறிகுறியையும் தீர்வையும் குறிக்கும் ஒரு பதிவேட்டையும் வைத்திருத்தல் நன்று. வெளியூரிலிருந்து பழுதுபார்ப்பவர் வரும்வரை வரிசையில் நிற்பவரைக் காக்க வைக்காமலிருக்க இச்சிறு ஏற்பாடு உதவும்.