பழைய காரின் ஆளிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஆனைக்கோட்டை வழியாக மானிப்பாய்க்கும், அதற்கப்பால் சண்டிலிப்பாய், சங்கானைக்கும் செல்லும் வீதியிலே, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைக் கண்டு எவரும் வியப்பதில்லை. அலெக் இசிகோனிஸ் வகுத்த மொறிஸ் மைனர் 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் 1952-இல் வந்தது. அவை பிறந்த நாட்டிலே அரும்பொருளாகிவிட்ட பின்னரும் குடாநாட்டிலே உழைத்துக்கொண்டிருந்தன. 1990-இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓடியவை இக்கார்களே. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. புதிய உதிரிப்பாகங்களுக்கு வழியில்லாத அந்நாட்களில், இருப்பதைத் திறந்து துடைத்துப் பூட்டும் வித்தையே இக்கார்களின் உயிரைக் காத்தது.

அந்த வித்தைக்குக் காரின் முகப்புப் பலகையிலுள்ள ஆளிகள் நல்ல எடுத்துக்காட்டு. ஆளி என்பதும் உருகி என்பதும் நம் நாட்டு விஞ்ஞான பாடநூல்களிலே வழங்கும் சொற்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே டாக்டர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தையே தமிழிற் கற்பித்த ஊர் மானிப்பாய். அங்கே ஒரு காரின் ஆளியைத் தமிழில் விளக்கத் தயங்கவேண்டியதில்லை.

வாடகைக் கார் ஒன்று இரவு வேளையிலே பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகருக்குச் செல்கிறது எனக் கொள்வோம். இருபுறமும் கடல். முன்விளக்குகள் திடீரென அணைந்துவிடுகின்றன. மறுநாள் சாரதி செய்வது என்ன? ஆளி பழுது என்று தாமே தீர்மானித்து, அதைப் பிடுங்கி எறிந்து, பலகையிலே வேறோர் துளையிட்டுப் புதுவித ஆளி ஒன்றைப் பொருத்துவிக்கிறார். இரண்டு நாளில் விளக்கு மீண்டும் அணைகிறது. ஏனெனில் குற்றம் ஆளியில் இல்லை. பழைய ஆளியும் போயிற்று, பலகையும் ஓட்டையாயிற்று.

ஆகவே, கழற்றுவதற்கு முன் சோதிக்கவேண்டும். பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை. பன்னிரண்டு வோல்ற்று மின்குமிழ் ஒன்றும், அதிற் பொருத்திய இரண்டு முழக் கம்பிகளும் போதும். ஒரு கம்பியைத் துருவற்ற வெற்று இரும்பிலே, அதாவது வண்டியின் உடலிலே தொடுத்து, மற்றதை ஆளியின் பின்புறத்துள்ள முனைகளில் ஒவ்வொன்றாகத் தொடுதல் வேண்டும். மின் வந்துசேரும் முனையிலே குமிழ் எரியாவிடின், குறை ஆளிக்கு முன்னே, பற்றரியின் பக்கம் உள்ளது. அங்கே எரிந்து, ஆளியை இழுத்த பின்னரும் வெளிச்செல்லும் முனையில் எரியாவிடின், அப்போதுதான் ஆளியைக் குறைகூறலாம். இரண்டு முனைகளிலும் எரிந்தால் ஆளி குற்றமற்றது. அப்பாற் சென்று தேடவேண்டும்.

எங்கே தேடுவது? கம்பிகளின் நிறமே வழிகாட்டும். பற்றரியிலிருந்து வரும் மின்னைக் கபில நிறக் கம்பி சுமக்கும். விளக்காளிக்கு வரும் கம்பியிலே கபிலத்தோடு நீலக்கோடு ஓடுவதும் உண்டு. சிறுவிளக்குகளுக்குச் சிவப்பு. முன்விளக்குகளுக்கு நீலம். இந்த நீலக் கம்பி நேரே விளக்குக்குச் செல்வதில்லை. சாரதியின் இடக்காலருகே தரையிலுள்ள ஒளிதாழ்த்தும் ஆளிக்குச் சென்று, அங்கிருந்தே பிரிகின்றது. மழைநீரும் செருப்பு மணலும் சேருமிடம் அது. முன்விளக்குகள் இரண்டும் ஒருசேர அணைந்தால், முகப்பு ஆளியை விட இந்தக் கால் ஆளியையே முதலிற் சந்தேகிப்பது நன்று. ஒரு விளக்கு மட்டும் மங்கினால், அந்த விளக்கின் கறுப்புக் கம்பி உடலோடு சேருமிடத்திலே துரு ஏறியிருக்கலாம். மைனர் காரிலே மழைதுடைப்பான், பெற்றோல் மானி, தடுப்பு விளக்கு ஆகியவை ஒரே நேரத்தில் நின்றுவிட்டால், அவை யாவும் பச்சைக் கம்பி வழியே ஒரே உருகியிலிருந்து மின் பெறுவன என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ஆளி ஒவ்வொன்றையும் கழற்றுவது வீண்வேலை.

விளக்கு எரிகிறது, ஆயினும் மங்கலாக எரிகிறது என்றால் கணக்கு உதவும். நாற்பத்திரண்டு வாற்று விளக்குகள் இரண்டுக்கும் எண்பத்து நான்கு வாற்று. அதைப் பன்னிரண்டாற் பிரித்தால் ஏழு அம்பியர். ஆளியினுள்ளே களிம்பு ஏறி 0.2 ஓம் தடை உண்டானால், ஏறத்தாழ 1.4 வோல்ற்று அங்கேயே விழுந்துவிடும். விளக்கு மங்கும். அதுமட்டுமன்று, பத்து வாற்றளவு வெப்பம் அந்தச் சிறு ஆளியினுள்ளே பிறக்கும். பேக்லைட் கருகி மணம் வருவது இதனாலே. கடற்காற்றுப் படும் நம் ஊர்களிலே பித்தளையிற் பச்சை படிவது இயல்பு.

ஆளியே குற்றவாளி என்று தெரிந்தபின் கழற்றலாம். முதலிற் பற்றரியைத் துண்டித்தல் வேண்டும். இது சோம்பலுக்கு இடங்கொடுக்கக்கூடாத காரியம். முன்விளக்குகளின் மின்னோட்டம் இக்கார்களில் உருகி எதனையும் கடந்து வருவதில்லை. கபிலக் கம்பி இரும்பிற் பட்டால் அதைத் தடுப்பது ஒன்றுமில்லை. நூற்போர்வையிட்ட பழைய கம்பிக்கட்டு முழுவதும் பற்றிக்கொள்ளும். மேலும், அக்காலத்து ஆங்கிலக் கார்களிலே பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்காலக் கார்களுக்கு இது நேர்மாறு. எம்முனை உடலோடு சேர்ந்துள்ளதோ அதையே முதலிற் கழற்றவேண்டும். சாவி தவறி இரும்பிற் பட்டாலும் அப்போது தீப்பொறி எழாது.

இழுக்கும் குமிழைப் பலங்கொண்டு பிடுங்குவோர் பலர். அதன் கழுத்தின் அடிப்புறத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஊசித்துளை ஒன்று தெரியும். அதனுள்ளே வில்லால் தாங்கப்பட்ட சிறு முளை உண்டு. மெல்லிய ஆணியால் முளையை அழுத்திக்கொண்டு இழுத்தால் குமிழ் எளிதிற் கழன்றுவரும். அதன் பின்னால் வெட்டுக்கள் உள்ள வளையம் ஒன்று ஆளியைப் பலகையோடு பிணைத்திருக்கும். திருப்புளியால் அதைத் தட்டித் திருப்பினால் வெட்டு உடையும், பலகையும் கீறலுறும். அதன் வெட்டுக்களுக்கேற்ப அராவிய குழாய்த்துண்டு ஒன்றே தகுந்த சாவி. வளையம் கழன்றதும் ஆளியைப் பலகையின் பின்புறமாக எடுக்கலாம். கம்பிகளை விடுவிக்குமுன் ஒவ்வொன்றிலும் கடதாசித் துண்டு கட்டி முனையின் எழுத்தைக் குறித்தல் நலம். அறுபது ஆண்டுத் தூசியிலே கபிலமும் சிவப்பும் ஒரே நிறமாகத் தோன்றும்.

நுண்ணிய மணற்றாளாற் பித்தளைத் தொடுகைகளை மெதுவாகத் தேய்த்து, பொடியை முற்றாகத் துடைத்துவிடவேண்டும். தேய்ந்து மெலிந்த தொடுகையும், சூட்டினால் வலுவிழந்த வில்லும் மணற்றாளுக்கு அடங்கா. அவற்றுக்கு, சிதைக்கப்பட்ட வேறொரு காரின் ஆளியே மருந்து. பேக்லைட் வெடித்திருந்தால் அதனைப் பசையிட்டு ஒட்டி மீண்டும் பயன்படுத்துவது ஆபத்து.

பூட்டும்போது முனைத் திருகாணிகளை இறுக்கி, ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். பின்னர் பற்றரியின் உடல்முனையை இறுதியாக இணைத்து, விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டு, ஆளியின் பின்புறத்தைக் கையாற் தொட்டுப் பார்த்தல் வேண்டும். இளஞ்சூடு இருக்கலாம். கை பொறுக்காத சூடாயின், விளக்கை அணைத்துவிட்டு மீண்டும் கழற்றவேண்டியதுதான். சூடில்லையெனில், குமிழின் துளையை முளைக்கு நேராகப் பிடித்து, சொடுக்கென்ற ஓசை கேட்கும்வரை அழுத்திவிடலாம்.