பூ வாசமா? மிட்டாய் வாசமா? சென்ட் வாங்கும் முன் யோசிங்க!



போன மாதக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் உள்கடன் கேட்டார். எதற்கு என்றால், "மகளுக்குக் கல்யாணம் அக்கா. வெளிநாட்டு சென்ட் வேணும்னு ஆசைப்படுறா. பழைய மாதிரி பூ வாசமா, இப்ப வர்ற இனிப்பு வாசமா, எது வாங்குறதுன்னும் தெரியல" என்றார். ஆயிரக்கணக்கில் காசு போகிற விஷயம். தெரிஞ்சு வாங்கணும் இல்லையா?

பழைய வகைக்குப் பேர்போனது பிரான்சின் 'ஷனெல் நம்பர் 5'. 1921-ல் எர்னஸ்ட் போ என்பவர் உருவாக்கியது. மல்லிகை, ரோஜா வாசத்தோடு 'ஆல்டிஹைடு' என்ற வேதிப்பொருளைத் தாராளமாகச் சேர்த்தார். அதனால் வெளுத்துக் காயப்போட்ட துணி மாதிரி ஒரு சுத்தமான வாசம் முதலில் வரும். மல்லிகை நமக்குப் புதுசா? நம்ம கோவை, மதுரைப் பக்கத்துப் பூவிலிருந்து எடுக்கும் வாசனைச் சாறும் வெளிநாட்டு சென்ட் தயாரிப்புக்குப் போகிறது!

புது வகைக்கு வழிகாட்டியது 1992-ல் வந்த 'ஏஞ்சல்'. இதில் உள்ள 'எத்தில் மால்டால்' என்ற பொருள் பஞ்சுமிட்டாய் வாசம் தரும். இதன் வெற்றிக்குப் பிறகு சாக்லேட், வெனிலா, கேரமல் வாசத்தில் பல சென்ட்கள் வந்துவிட்டன.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

* கடையில் முதலில் அடிக்கும் வாசம் கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஒரு கையில் ஒன்று, மறு கையில் இன்னொன்று அடித்து, தேய்க்காமல் விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மோந்து பாருங்கள். நிலைத்து நிற்பது அந்த வாசம்தான்.
* வெயிலில் வாசம் வேகமாகக் கிளம்பும். கூட்டமான பஸ்ஸில் இனிப்பு வாசம் திகட்டலாம். சாயங்காலத்துக்கு அதுவே நன்றாக இருக்கும்.
* தலை நிறைய பூ வைக்கும் நாளில் எந்த சென்ட்டும் குறைவாகப் போதும்.
* அரிப்பு, தடிப்பு வந்தால் உடனே கழுவுங்கள். வீட்டில் இளைப்பு நோய் உள்ளவர்கள், கைக்குழந்தை இருந்தால் பக்கத்தில் அடிக்க வேண்டாம்.
* பட்டுப்புடவை மேல் அடித்தால் கறை விழலாம். ஆல்கஹால் இருப்பதால் அடுப்பருகே கூடவே கூடாது.
* 'ஓ டி டாய்லெட்' என்பதை விட 'ஓ டி பர்ஃப்யூம்' என்பதில் வாசனைச் சத்து பொதுவாக அதிகம். முதலில் சின்ன பாட்டிலே போதும்.

அந்த அம்மாவும் மகளும் இப்படித்தான் சோதித்தார்கள். வீடு வந்ததும் மகளே சொன்னாளாம்: "கடையில இனிப்புதாம்மா பிடிச்சது. இப்ப தலை வலிக்குது. பூ வாசமே போதும்." கைக்காசில் சின்ன பாட்டில் வாங்கினார்கள். உங்கள் மகளுக்கு இனிப்பு வாசமே பிடிக்கலாம், அதிலும் தப்பில்லை. ஆனால் கடன் மட்டும் வேண்டாம் சகோதரிகளே! வாசம் சாயங்காலத்தோடு போய்விடும், தவணை மாதாமாதம் வரும்.