எந்தத் தொலைநோக்கிக்கு முதல் பணம்?

வானியல் ஆய்வுக்கு ஒரு நாடு ஒதுக்கக்கூடிய பணத்துக்கு அளவு உண்டு. வானியலாளர்கள் கேட்கும் கருவிகளுக்கு அளவில்லை. பெரிய தொலைநோக்கி ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கி அதில் முதல் படம் எடுப்பதற்குள் இருபது ஆண்டுகள்கூட ஓடிவிடும். கட்டி முடித்தாலும் செலவு ஓய்வதில்லை. பொறியாளர் சம்பளம், மின்சாரம், கண்ணாடிக்கு மறுபூச்சு, கணினி என்று ஆண்டுதோறும் பணம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஒரு கருவிக்குச் சம்மதம் சொல்லும் அரசு, வேறு பலவற்றுக்கு அப்போதே மறுப்புச் சொல்லிவிடுகிறது. எதை முதலில் கட்டுவது, எதைத் தொடர்ந்து இயக்குவது, எதை மூடுவது, எதில் பிறரோடு பங்கு சேர்வது என்ற வரிசையை யார், எப்படி வகுக்கிறார்கள் என்பதில்தான் ஒரு நாட்டின் வானியல் தலையெழுத்து இருக்கிறது.

சிங்கப்பூரில் ஆய்வுக்கென்று பெரிய தொலைநோக்கி எதுவும் இல்லை. காரணம் வெளிப்படை. 2016இல் வெளியான உலக இரவு வான ஒளி வரைபடத்தில், செயற்கை வெளிச்சத்தால் வானம் மிக அதிகமாக மாசுபட்ட நாடு என்று சிங்கப்பூர் குறிக்கப்பட்டது. இங்கு வாழும் அனைவரும், கண் முழுமையாக இருட்டுக்குப் பழக முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ் இருக்கிறார்கள் என்றது அந்த ஆய்வு. தீபாவளி ஒளியூட்டு இல்லாத சாதாரண இரவிலும் சிராங்கூன் சாலையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு நிலாவும் சில கோள்களும் பிரகாசமான சில விண்மீன்களும்தான் தெரியும். போதாததற்கு மேகம் வேறு; உயர்ந்த மலையும் கிடையாது. அண்டை நாடான தாய்லாந்து 2013இல் டோய் இந்தனோன் மலையில் 2.4 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்தது; இந்தோனேசியாவின் லெம்பாங்கில் போஸ்கா வானாய்வகம் 1923 முதல் இருக்கிறது. அவர்களிடம் மலை இருந்தது.

2021 முதல் 2025 வரையிலான ஆராய்ச்சி, புத்தாக்க, தொழில்முனைப்புத் திட்டத்துக்குச் சிங்கப்பூர் ஏறத்தாழ 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கியது. உற்பத்தியும் வர்த்தகமும், மனித நலம், நகர்ப்புறத் தீர்வுகள், மின்னிலக்கப் பொருளியல் ஆகியவையே அதன் நான்கு துறைகள். வானியல் அந்தப் பட்டியலில் இல்லை. விண்வெளித் தொழில்நுட்பத்துக்கோ 2022இல் 150 மில்லியன் வெள்ளியில் தனித் திட்டம் அறிவிக்கப்பட்டது. நட்சத்திரத்தைப் பார்ப்பதைவிட, மேலேயிருந்து பூமியைப் பார்ப்பதில் சிங்கப்பூர் பணம் போட்டது. அதைச் செய்த விதத்தில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் டிஎஸ்ஓ தேசிய ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து உருவாக்கிய எக்ஸ்-சாட், 2011 ஏப்ரலில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ராக்கெட்டில் சென்றது. 2015 டிசம்பரில் சென்ற டெலியோஸ்-1, துருவங்களைச் சுற்றாமல் பூமத்தியரேகையை ஒட்டியே சுற்றும் பாதையில் நிறுத்தப்பட்டது. துருவப் பாதையில் சுற்றும் துணைக்கோளம் சிங்கப்பூர் போன்ற ஓரிடத்தின் மேல் எப்போதாவதுதான் வரும். ரேகையை ஒட்டிச் சுற்றுவது அடிக்கடி வரும். 2023இல் சென்ற டெலியோஸ்-2, டிஎஸ்-சார் இரண்டும் ரேடார் துணைக்கோளங்கள். தொலைநோக்கிக்குத் தடையாக இருக்கும் அதே மேகத்தை ரேடார் ஊடுருவிவிடும்.

இருக்கும் இடம் எதைக் கொடுக்கிறதோ அதில் முதலீடு செய்வது என்ற இந்த வழியைத் தமிழ்நாட்டு மலை ஒன்றில் வானியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டிருந்தார்கள். அந்தக் கதை இன்னும் விரிவாகத் தெரியவேண்டிய ஒன்று.

கோவிந்த் ஸ்வரூப் 1963இல் அமெரிக்காவிலிருந்து இந்தியா திரும்பி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரேடியோ வானியல் குழுவைத் தொடங்கினார். அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலம் அது. அவர் குழுவின் முதல் கருவி, ஆஸ்திரேலியா பயன்படுத்திவிட்டுக் கொடுத்த 32 சிறிய ஆன்டெனாக்களை மும்பைக்கு அருகே கல்யாணில் நிறுத்தி அமைத்தது. அடுத்த கருவிக்கு அவர்கள் தேடியது ஒரு மலைச்சரிவை. உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் வடக்கு தெற்காக ஏறத்தாழ 11 பாகை சரிந்த மலை கிடைத்தது. அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகைதான். அச்சரிவின் மேல் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட, பாதியாகப் பிளந்த உருளை போன்ற ஆன்டெனாவைக் கிடத்தினார்கள். சரிவும் அட்சரேகையும் ஒன்றாக இருப்பதால் ஆன்டெனாவின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அதை அந்த ஒரே அச்சில் மெல்லச் சுழற்றினால் போதும். வானத்தில் ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பின்தொடரலாம். இவ்வளவு பெரிய கருவியை இரண்டு திசையிலும் திருப்புவதற்கான கனத்த இயந்திரங்களுக்குச் செலவிட வேண்டிய பணத்தை மலை மிச்சப்படுத்திக் கொடுத்தது.

1970இல் இயங்கத் தொடங்கிய இந்தத் தொலைநோக்கியின் ஆய்வுத் திட்டமும் சிக்கனமானது. நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தையும் விடுவிக்கும் கணத்தையும் அளந்தால் அந்த மூலம் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று துல்லியமாகக் கணக்கிடலாம்; நிலாவின் இடம் எப்போதும் தெரியும். இப்படி நூற்றுக்கணக்கான மூலங்களை அளந்தபோது, மங்கலானவை கோண அளவில் சிறியனவாக இருப்பது தெரிந்தது. பிரபஞ்சம் காலப்போக்கில் மாறிவந்திருக்கிறது என்பதற்கு, அதாவது பெருவெடிப்புக் கொள்கைக்கு, அது ஒரு சான்றாயிற்று. அன்றைய உலகத்தின் முதன்மையான கேள்வி ஒன்றில் ஊட்டி மலையின் குரலும் கேட்டது.

அதே குழு அடுத்துப் புனேக்கு வடக்கே கோடத் கிராமத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களை அமைத்தது. மீட்டர் அலைநீளத்துக்கு வழவழப்பான உலோகப் பரப்பு தேவையில்லை; கம்பிவலையே போதும். வலைக்குள் காற்று புகுந்து போவதால் தாங்கும் சட்டமும் இலேசானது. வளர்ந்த நாடுகளில் அந்த அலைவரிசைகளில் இரைச்சல் மிகுந்துவிட்டிருந்தது, இந்தியாவில் குறைவு. பணக்கார நாடுகள் அப்போது குட்டை அலைநீளத்தைத் துரத்திக்கொண்டிருந்தன. இந்தியா அவர்கள் விட்டுச்சென்ற ஜன்னலில் உலகத்தின் சிறந்த கருவிகளில் ஒன்றைக் கட்டியது. அண்மையில் மேம்படுத்தப்பட்ட அதே ஆன்டெனாக்கள், 2023இல் அறிவிக்கப்பட்ட ஈர்ப்பலைப் பின்னணிச் சான்றிலும் பங்கு பெற்றன.

கண்ணால் காணும் ஒளியில் பாடம் வேறு. திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையின் காவலூரில் 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. இன்று அதற்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர். உள்நாட்டிலேயே செய்த கருவி என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் இரண்டு பருவமழையும் அங்கே இரவுகளைப் பறித்துக்கொள்கின்றன. அடுத்த தொலைநோக்கியை இந்திய வான்இயற்பியல் நிறுவனம் லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் வைத்தது. 2 மீட்டர்தான், காவலூரைவிடச் சிறியது. பெங்களூரு அருகே ஹொசகோட்டேயிலிருந்து துணைக்கோளம் வழியே அதை இயக்குகிறார்கள். பெரிய கண்ணாடியைவிட நல்ல வானம் முக்கியம் என்ற முடிவு சரியானது.

இத்தகைய முடிவுகளை முறைப்படி எடுப்பதில் அமெரிக்காவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1960கள் முதல் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை வானியலாளர்களே கூடி, அடுத்த பத்தாண்டுக்கான திட்டங்களை வரிசைப்படுத்தி அரசிடம் கொடுக்கிறார்கள். பட்டியலில் இடம்பெறாதது பெரும்பாலும் நிதி பெறுவதில்லை. உள்ளே சண்டை போட்டுக்கொண்டு வெளியே ஒரே குரலில் பேசுவதே இதன் பலம். பலவீனம், செலவு மதிப்பீடு. இன்று ஜேம்ஸ் வெப் என்று அறியப்படும் விண்தொலைநோக்கி இந்த நூற்றாண்டின் தொடக்கத்து அறிக்கையில் முதலிடம் பெற்றபோது அதன் மதிப்பு சுமார் 1 பில்லியன் டாலர். 2021 டிசம்பரில் ஏவப்பட்டபோது செலவு 10 பில்லியனை எட்டியிருந்தது. அதன் பாரத்தை மற்றத் திட்டங்கள் சுமந்தன. செலவு இப்படி ஏறிக்கொண்டே போனதால் 2010 அறிக்கையிலிருந்தே, திட்டத்தைக் கேட்பவர்கள் சொல்லும் தொகையை நம்பாமல் வெளியாள் மதிப்பீடு கட்டாயமாயிற்று.

மூடும் முடிவு இன்னும் கடினம். புவெர்ட்டோ ரிக்கோவின் 305 மீட்டர் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கிக்கான நிதியைக் குறைக்க 2006இல் ஓர் ஆய்வுக்குழு பரிந்துரைத்தது. முழுமையாக மூடவும் இல்லை, முழு நிதியும் இல்லை. 2017இன் சூறாவளியும் கேபிள் பிடிகளின் தேய்வும் சேர, 2020 டிசம்பர் 1 அன்று அது இடிந்து விழுந்தது.

பங்கு சேர்வதிலும் ஆபத்து உண்டு. 30 மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் 2014இல் இந்தியா பத்தில் ஒரு பங்கை ஏற்றது. அதில் பெரும்பகுதியைப் பணமாகக் கொடுக்காமல் கண்ணாடித் துண்டுகளாகவும் கருவிகளாகவும் செய்து கொடுப்பதாக ஏற்பாடு. ஹவாயில் இடம் தொடர்பான எதிர்ப்பு நீடித்தது. அமெரிக்க அறிவியல் அறக்கட்டளை 2025இல் போட்டித் தொலைநோக்கியான ஜயண்ட் மெகல்லனை மட்டுமே இறுதி வடிவமைப்புக் கட்டத்துக்கு முன்னேற்றியது. 30 மீட்டர் தொலைநோக்கித் திட்டம் இன்னும் நிச்சயமற்று நிற்கிறது. ஆனால் கண்ணாடியைத் துல்லியமாக இழைக்கும் திறமை இந்தியாவிலேயே தங்கிவிட்டது. பங்கைப் பொருளாகக் கொடுப்பதன் நன்மை அது. சதுரக் கிலோமீட்டர் ரேடியோ தொலைநோக்கியில் சேர 1,250 கோடி ரூபாயும், மகாராஷ்டிரத்தில் ஈர்ப்பலை ஆய்வகம் அமைக்க 2,600 கோடி ரூபாயும் இந்தியா அண்மையில் ஒதுக்கியிருக்கிறது.

சிங்கப்பூருக்குக் குவிமாடம் தேவையில்லை. இன்றைய வானியலில் விலை குறைவான, ஆனால் பலன் மிகுந்த முதலீடு ஆள்தான். ஐரோப்பாவின் காயா விண்கலம் அளந்த ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களின் விவரம் 2022 ஜூனில் உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் இலவசமாகத் திறக்கப்பட்டது. ஜேம்ஸ் வெப் எடுக்கும் தரவும் பொதுவாக ஓராண்டுக்குள் பொதுவாகிவிடும். தரவைப் பிரித்தறியக் கணினி, கணிதம், செயற்கை நுண்ணறிவு தெரிந்தவர்கள் வேண்டும். அவர்களைத்தான் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே உருவாக்குகின்றன. குவாண்டம் துறையில் இதற்கு முன்னுதாரணமும் உண்டு: 2007இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய குவாண்டம் தொழில்நுட்ப மையம், 2019இல் ஸ்பூக்கி-1 என்ற மிகச் சிறிய துணைக்கோளத்தை விண்ணுக்கு அனுப்பி அதில் பின்னிய ஒளித்துகள்களை உருவாக்கிக் காட்டியது. ஒரு துணைக்கோளத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதியைக் கொண்டு, ஐந்தாறு வானியல் ஆய்வாளர்களையும் அவர்களின் மாணவர்களையும் பத்தாண்டுக்குத் தாங்கலாம். அடுத்த ஆராய்ச்சித் திட்டத்தை வகுப்பவர்கள் அந்தச் சிறு ஒதுக்கீட்டையாவது செய்ய வேண்டும்.