வெள்ளையா இருந்தா எல்லாம் ஒரே பூச்சியா?

போன மாசம் ரெண்டு நாள் லீவு கிடைச்சுது, பைக்க எடுத்துக்கிட்டு கொல்லிமலை போயிட்டேன். 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, செம்மேட்டுல ஒரு டீக்கடையில உட்கார்ந்தப்போ பக்கத்து பெஞ்சுல ஒரு அண்ணன். மரவள்ளி போட்டிருக்கார். கையில ஒரு குருத்து. இலையெல்லாம் சுருங்கி, கொத்தாகி, மேல பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை. "மாவுப்பூச்சி தம்பி"ன்னார். எந்த மாவுப்பூச்சின்னு கேட்டேன். "வெள்ளையா இருந்தா எல்லாம் ஒண்ணுதான், மருந்தடிக்க வேண்டியதுதான்"ன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சார்.

அவருக்கு அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல. வீட்டுக்கு வந்து படிச்சதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

முதல்ல, அங்க மரவள்ளி எவ்வளவு முக்கியம்னு தெரிஞ்சுக்கணும். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைஞ்ச நிலத்துல நிறைய இடம் இப்போ மரவள்ளிக்குப் போயிடுச்சு. கிழங்கு மலையிறங்கி சேகோ ஃபேக்டரிக்குப் போகுது, ஜவ்வரிசி ஆகுது. பூச்சி விழுந்தா வருஷ வருமானமே அடிபடும்.

சரி, அந்த வெள்ளை என்ன? பூச்சி தன் உடம்பு மேல பூசிக்கிற மெழுகு. மருந்து அதைத் தாண்டி உள்ள போறது கஷ்டம். மெழுகுக்குக் கீழ இருக்கிற பூச்சி வேற வேறயா இருக்கலாம். பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சளா இருக்கும். ஆல்கஹால்ல போட்டா நீலக் கறுப்பா மாறிடும். 2008-ல கோயம்புத்தூர்ல தெரிய வந்தது, மரவள்ளியையும் விடல. மரவள்ளி மாவுப்பூச்சி இளஞ்சிவப்பு. 2020-ல கேரளாவில் திருச்சூர்ல முதல்ல பார்த்தாங்க, அப்புறம் சேலம், நாமக்கல்னு பரவிடுச்சு.

ரெண்டுக்கும் எதிரி குட்டிக் குளவிகள்தான். ஆனா குளவியும் வேற வேற. பப்பாளிப் பூச்சிக்கு 2010-ல போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவியைக் கொண்டு வந்தாங்க, நல்லா வேலை செஞ்சுது. ஆனா அதே குளவி மரவள்ளி மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்தாது. பிரின்டர் மாடலைத் தப்பா செலக்ட் பண்ணி டிரைவர் இன்ஸ்டால் பண்ணின கதைதான்.

இதுக்கு ஆப்பிரிக்கா கொடுத்த விலை பெருசு. 1970-களின் தொடக்கத்துல காங்கோ பக்கம் இந்த இளஞ்சிவப்புப் பூச்சி நுழைஞ்சுது. மரவள்ளிதான் அங்க கோடிக்கணக்கான பேருக்குச் சோறு. இதோட சொந்த ஊர் தென் அமெரிக்கான்னு தேடிப் போனாங்க. கண்டத்தோட வடக்குப் பகுதியில அச்சு அசல் இதே மாதிரி ஒண்ணு கிடைச்சுது. அதைத் தின்ற குளவிகளைப் பிடிச்சு முயற்சி பண்ணினா, ஆப்பிரிக்கப் பூச்சிகிட்ட எடுபடல. காரணம், அது வேற இனம். ஆப்பிரிக்காவுல இருந்ததுல பெண்கள் மட்டும்தான், ஆண் இல்லாமலே பெருகும். வடக்குல கிடைச்சதுல ஆணும் உண்டு. அதுக்கு 1981-ல ஃபெனகாக்கஸ் ஹெர்ரெனி என்று தனிப் பெயர் வெச்சாங்க. அந்தத் தேடலை நடத்தின ஹான்ஸ் ஹெர்ரனோட பெயர்தான் அது!

அதே 1981-ல டோனி பெல்லாட்டி என்ற ஆய்வாளர் பராகுவேயில் உண்மையான பூச்சியைக் கண்டுபிடிச்சார். கூடவே அதைத் தாக்குற குளவியும் கிடைச்சுது: அனாகிரஸ் லோபெசி. நைஜீரியாவில் விட்டாங்க, அங்கிருந்து ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிச்சு. ஹெர்ரனுக்கு 1995-ல உலக உணவுப் பரிசு கிடைச்சுது.

எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். அந்தக் குளவிக்கு அர்ஜென்டினாவின் லூயிஸ் டி சாண்டிஸ் 1964-லேயே பெயர் வெச்சுட்டார். அது தின்ற மாவுப்பூச்சிக்கு அறிவியல் பெயர் வந்ததே 1977-ல! யாருக்கும் அப்போ பயன்படாத ஒரு விவரிப்பு, பல வருஷம் கழிச்சு ஒரு கண்டத்துக்கே உதவியிருக்கு.

சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் குளவியை எப்படி இனம் பிரிக்கிறாங்க? மைக்ரோஸ்கோப்தான். என்சிர்டிடே குடும்பம்னா நடுக்காலைப் பாக்கணும். தத்துறதுக்கு ஏத்த மாதிரி அதுல ஒரு பெரிய முள் இருக்கும். அனாகிரஸ் பேரினத்துல பெரும்பாலும் பெண்ணோட உணர்கொம்பின் அடித்தண்டு தட்டையா, அகலமா, கறுப்பு வெள்ளையா இருக்கும். அதுக்கப்புறம் இறக்கை முடி, உணர்கொம்பின் கணுக்கள்னு ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாக்கணும். நம்ம நாட்டுல அலிகரைச் சேர்ந்த முகமது ஹயாத் இந்தக் குடும்பத்துக்கே வருஷக்கணக்கில் உழைச்சு, 2006-ல இந்திய இனங்களைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார்.

பெயரும் நிலையா இருக்காது. லோபெசி முதல்ல அப்போஅனாகிரஸ், அப்புறம் எபிடினோகார்சிஸ், இப்போ அனாகிரஸ். கோடுல ஃபங்ஷன் பெயரை மாத்திட்டு பழைய டாக்குமென்டேஷனை அப்படியே விட்டா என்ன ஆகும்? 80-களின் ஆப்பிரிக்க அனுபவம் நிறைய எபிடினோகார்சிஸ் பெயர்ல எழுதப்பட்டிருக்கு. பழைய பெயர் தெரியாம தேடினா அது கைக்கே வராது.

இந்த முறை நம்ம ஆளுங்க ஆப்பிரிக்காவோட தப்பைப் பண்ணல. பூச்சியைச் சரியா அடையாளம் கண்டதால, எந்தக் குளவி வேணும்னு தெரிஞ்சிருந்துது. பெங்களூரு வேளாண் பூச்சி வள ஆய்வகம் 2021-ல பெனினிலிருந்து லோபெசியை வரவழைச்சு, தனிமைப்படுத்திச் சோதிச்சுது. 2022 மார்ச்ல சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல முதல் முறையா வயலில் விட்டாங்க.

செம்மேட்டு அண்ணனை மறுபடி பாத்தா ரெண்டு விஷயம் சொல்லுவேன். ஒண்ணு, மருந்துக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி அந்தக் குருத்தை வேளாண் அறிவியல் நிலையத்துல காட்டி, எந்தப் பூச்சின்னு கேளுங்க. ரெண்டு, வெள்ளைக்கு நடுவுல பழுப்பா, கெட்டியா, வட்ட ஓட்டையோட கூடு கிடந்தா மருந்து அடிக்காதீங்கண்ணா. அது செத்த மாவுப்பூச்சியோட உடம்பு. குளவி அதுக்குள்ள வளர்ந்து ஓட்டை போட்டு வெளிய வந்திருக்கு. இப்போ உங்க காட்டுலதான் அடுத்த பூச்சியைத் தேடிக்கிட்டிருக்கும்.